வண்டிப்புரைக் கதவு

எங்கள் அத்தானைப் போலக் கதவு சாத்தத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. கதவு சாத்துவதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரண்டு கதவுகளையும் சேர்த்துத் தோளைக் கொடுத்து அமுக்குவார். கீழ்த்தாழ்ப்பாளைக் காலால் தள்ளுவார். மேல்தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் ஏற்றுவார். நடுவில் குறுக்குக்கட்டையைப் போட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் அந்த இடத்தில் கந்தல் துணியைத் திணிப்பார். திருடனுக்குப் பயந்து செய்த ஏற்பாடு இல்லை இது. தெருவில் போகிற வருகிற சொந்தக்காரர்களுக்குப் பயந்து செய்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் அக்காவின் வீட்டுக்காரர் என்று தெரிந்தால் போதும். மரம் அறுக்கிற ரம்பத்துக்குப் பக்கத்தில் தன் பெயர் வருவதை உயிரோடு இருந்த நாளில் அவர் விரும்பியதில்லை. செத்த பிறகு விரும்பிவிடுவாரா என்ன?

எனக்குச் சேரன்மகாதேவிக் கச்சேரியில் நகலெழுதும் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, தனியாக வீடு பார்ப்பானேன் என்று அக்கா தன் வீட்டிலேயே ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தாள். நானும் என் மனைவியும் அங்கே குடிவந்தோம். வந்த முதல் நாளே கவனித்தேன். வீட்டோடு ஒட்டித் தெருவைப் பார்த்தபடி வண்டிப்புரை இருந்தது. ஒரு காலத்தில் வில்வண்டி நின்ற இடம். வண்டியும் இல்லை, மாடும் இல்லை. ஆனால் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து டுப் டுப் என்று ஒரு சத்தம், பூமிக்குள் யாரோ குத்துகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

“அது என்னக்கா சத்தம்?” என்று கேட்டேன்.

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணுமில்லலே, அத்தான் உள்ள இருக்காவ” என்றாள். அந்த வீட்டில் அதுதான் முழுப் பதில்.

ஆற்றங்கரை மேட்டில் அவர்களுக்கு வயல் இருந்தது. மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைக்கவென்றுதான் அத்தான் அந்த எண்ணெய் எஞ்சினை வாங்கினார். வாங்கிய கையோடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகவழக்கு வந்தது. வழக்கு முடிந்தபோது வயல் போய்விட்டது, எஞ்சின் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் இறைக்க நிலம் இல்லாத எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தான் அதை வண்டிப்புரைக்குள் இழுத்து வந்து நிறுத்தி, ஒரு வட்ட ரம்பத்தை வரவழைத்து, இரண்டையும் தோல் பெல்ட்டால் இணைத்தார். குழியில் ஒருவன், மேலே ஒருவன் என்று இரண்டு பேர் நாள் முழுக்க இழுத்து அறுக்கிற மரத்தை, ஒருவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அந்த ரம்பம் அறுத்துத் தள்ளியது. வீடு கட்டுகிறவர்கள் பின்பக்கத்துச் சந்து வழியாக மரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பலகையை அதே சந்து வழியாக எடுத்துப் போனார்கள். அக்கா வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

நிலம் வைத்துச் சாப்பிட்ட குடும்பம் கூலிக்கு மரம் அறுப்பது எங்கள் தெருவில் கேவலம். அதனால் யாராவது கேட்டால், “சொந்த உபயோகத்துக்கு” என்பார் அத்தான். ஒரு வீட்டுக்கு அத்தனை பலகை சொந்த உபயோகத்துக்கு வேண்டுமென்றால் அந்த வீட்டில் சோற்றுக்குப் பதிலாகப் பலகையைத்தான் தின்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கள் தெரு அவ்வளவு மரியாதையான தெரு.

மேலவீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, “என்னவே, உள்ள என்னமோ சத்தம் கேக்கே?” என்றார்.

“பொம்பளையாளுக நெல்லு குத்துதாவ” என்றார் அத்தான்.

எந்தப் பெண்பிள்ளையாலும் அந்த வேகத்தில் உலக்கை போட முடியாது. மேலவீட்டுக்காரரும் அவர் வீட்டில் தினம் நெல் குத்தக் கேட்கிறவர்தான். “அப்படியா, சரிவே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் காது மடல் சுட்டது. பொய் சொன்னவருக்காக வெட்கப்பட்டேனா, நம்பியதாகக் காட்டிக்கொண்டவருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சத்தம் வெளியே போகாமலிருக்க அவர் ஒரு காரியம் செய்திருந்தார். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே விட வேண்டும். இவர் அதை மடக்கி, புரைக்குள்ளேயே ஒரு குழி வெட்டி, குழிக்குள் விட்டு, மேலே கல்லையும் மணலையும் போட்டு மூடியிருந்தார். சத்தம் குறைந்தது உண்மை. புகை என்ன செய்யும்? கல்லிடுக்கு வழியாக நூல் நூலாக எழும்பிப் புரையையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த எஞ்சினுக்கு ஒரு குணம். காலையில் அதன் தலையை ஊதுவிளக்கால் காய்ச்சி, பெரிய சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சமர்த்தாகப் புறப்படும். இரண்டு மரம் நன்றாக அறுக்கும். மூன்றாவது மரத்தின் நடுவில் குரல் கம்மும். அடி விட்டு விட்டு விழும். ரம்பம் மரத்துக்குள் முனகும். பிறகு, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல அப்படியே நின்றுவிடும்.

“சவம், நின்னுட்டு பாரு!” என்பார் அத்தான். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் திட்டுவதற்கும் செருப்பு அறுந்துபோனால் திட்டுவதற்கும் அந்த ஒரு வார்த்தைதான். அவர் அதை எஞ்சினிடம் மட்டும் பிரியமாகச் சொல்வார்.

பிறகு வைத்தியம் ஆரம்பமாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் விளக்குப் பிடிப்பேன். உச்சி வெயில் தெருவைப் பொசுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் சிம்னி விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றி வருவோம். முதலில் ஒரு நீளக் கம்பின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, என்னைச் சக்கரத்தைப் பைய உருட்டச் சொல்லிக் கேட்பார். அடுத்து, சீமையெண்ணெயை உள்ளங்கையில் விட்டு முகர்வார். “தண்ணி கலந்துருக்கு மாப்பிளே” என்பார். எண்ணெய் முழுவதையும் அக்காவின் பழம்புடவையில் வடிகட்டுவோம். திரும்ப ஓட்டினால் ஓடும்.

அடுத்த வாரம் வடிகட்டிய எண்ணெயிலேயே நிற்கும். “பெல்ட்டு வழுக்குது” என்பார். பெல்ட்டில் குங்கிலியப் பொடியைத் தேய்ப்போம். ஓடும். அதற்கடுத்த வாரம், எண்ணெய் தெளிக்கிற மூக்கில் கரி அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்துவோம். ஓடும். பிறகொரு நாள் வால்வு சரியாக உட்காரவில்லை என்பார். அதைக் கழற்றி, சாணைப்பொடியும் எண்ணெயும் குழைத்துத் தடவி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மத்துப்போல உருட்டி உருட்டித் தேய்ப்பார். அதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. மாட்டினால், அதுவும் ஓடும்.

எந்த மருந்தைக் கொடுத்தாலும் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுகிறானே என்று எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டாகியிருந்தது. மருந்து கொடுக்கிற நேரத்தில் எஞ்சின் ஆறிவிடுகிறது, புகை ஓட்டிடுக்கு வழியாக மெல்ல மெல்லக் கலைந்துவிடுகிறது என்பதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? நான் நகலெழுதுகிறவன். எழுதியிருப்பதை எழுதுவேன்.

ஒருமுறை அக்கா பொறுக்கமாட்டாமல், தூத்துக்குடி ஆலை ஒன்றில் பிட்டராக இருந்த ஒருவரை ஆள்விட்டு வரவழைத்தாள். “பிட்டர் வந்தா ஊருக்கே தெரிஞ்சுபோகும்” என்று அத்தான் குதித்தார். கடைசியில், வந்தவரைத் தூரத்து உறவு என்று தெருவுக்குச் சொல்லி உள்ளே அழைத்துப்போனார். இரண்டு பேரும் புரைக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். கருவி எதையும் அந்த மனிதர் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

இலையில் உட்கார்ந்தபோது அக்கா கேட்டாள். “எஞ்சினுக்கு என்ன கோளாறு அண்ணாச்சி?”

“எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. ஐயாட்ட சொல்லியாச்சு...”

“மோரு ஊத்து, மோரு ஊத்து” என்றார் அத்தான். சோறே இன்னும் பாதி இருந்தது.

பெட்டிப் பலகை பிறகுதான் வந்தது. கன்னடியன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிறிஸ்தவக் குடியிருப்பு. அங்கே சபையை நடத்திய உபதேசியார் ஒருநாள் சந்துக் கதவைத் தட்டினார். மெலிந்த, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். அவர்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார், பெட்டி செய்யப் பலகை வேண்டும். குழி போட்டுக் கையால் அறுத்தால் நாளைக்குத்தான் முடியும், உடல் தாங்காது என்றார்.

சிவபூசை செய்கிற வீடு. சவப்பெட்டிக்குப் பலகை அறுப்பதா? ஆனால் வந்தவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை. “சந்து வழியா வாரும், சந்து வழியாப் போரும். ஒருத்தருக்கும் தெரியப்படாது உபதேசியாரே” என்றார். அதன்பிறகு அந்த ஊரில் யார் போனாலும் பலகை இங்கிருந்துதான் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அக்கா புரையின் படியில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். வேண்டாம் என்று மட்டும் அவள் சொன்னதில்லை. ஒன்று கவனித்தேன். அந்த நாளிலிருந்து அத்தான் எஞ்சினைச் சவம் என்று திட்டுவதை விட்டுவிட்டார்.

உபதேசியாரோடு சில சமயம் அவருடைய கடைசிப் பெண் வரும். பலகை தயாராகும் வரை சந்தில் கிடக்கும் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அக்கா கதவிடுக்கு வழியாக அதன் கையில் எள்ளுருண்டை கொடுப்பாள். எஞ்சின் நின்றுவிட்டால் அந்தப் பெண்தான் முதலில் கேட்கும்.

“ஐயா, இஞ்சினு இன்னைக்கு எதுக்கு நின்னுச்சு?”

“எண்ணெயில தண்ணிம்மா.”

“போன தடவ பெல்ட்டுன்னு சொன்னீயளே?”

“அது போன தடவல்லா. இது வேற வியாதி.”

அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டுவாள். எங்கள் ஒருவரிடமும் எஞ்சினைப் பற்றி இத்தனை பொறுமையாக அவர் பேசிக் கேட்டதில்லை. வால்வு என்றால் என்ன, அது எப்படி மூடித் திறக்கிறது என்று கையை விரித்து மூடிக் காட்டுவார். அவள் தன் கையையும் அதேபோல விரித்து மூடிப் பார்ப்பாள். சந்தில் நின்று அவர் வெட்கமில்லாமல் பேசிய ஒரே ஆள் அந்தக் குழந்தைதான்.

இதற்கு நடுவே அத்தானின் மகள் சிவகாமிக்கு எதிர்வீட்டிலேயே சம்பந்தம் கூடிவந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி மகன் திருநெல்வேலியில் வக்கீல் குமாஸ்தா. ஜாதகம் பொருந்திவிட்டது. தை பிறந்தால் கலியாணம். பேச்சு முடிக்க அண்ணாச்சி வந்தபோது நானும் கூடத்தில் இருந்தேன். எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே அவர் குரலை இறக்கினார்.

“ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதீரும். நீரு உள்ள என்ன செய்யுதீர்னு தெருவுல எல்லாவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காதால கேட்டது இருந்துட்டுப் போகட்டும். கண்ணால மட்டும் பாக்கும்படியா வச்சிராதீரும். எங்க வீட்டுப் பெரியவுகளுக்கு நான் பதில் சொல்லணும்லா.”

அத்தான் தலையை அசைத்தார். அப்புறம் போய் வண்டிப்புரைக் கதவின் இடுக்குகளில் இன்னும் கொஞ்சம் துணி திணித்தார். தெரு முழுக்கத் தெரிந்திருந்தும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வதற்கு ஒரு கதவு தேவைப்பட்டது. அந்தக் கதவை அவர் எல்லாருக்காகவும் சாத்திவைத்திருந்தார். அந்த வீட்டில் தின்றுகொண்டிருந்த எனக்கும் சேர்த்துத்தான். கச்சேரியில் யாராவது, “உம்ம அத்தானுக்கு என்ன ஜீவனம் வே?” என்று கேட்டால், “நிலம் நீச்சு” என்று நானும் வாய்கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு வீட்டில் இருமினார்கள், பிறகு தெருவே இருமியது. கச்சேரியில் பாதி நாற்காலி காலி. கைவாள் பிடிக்கிறவர்கள் குழியை விட்டுவிட்டுப் பாயில் கிடந்தார்கள். வண்டிக்காரர்கள் யாரும் வெளியே வரவில்லை. ஆற்றங்கரையில் புகை ஓயவில்லை.

ஒரு காலையில் சந்துக் கதவு தட்டப்பட்டது. உபதேசியார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“சின்னப் பலகை போதும் ஐயா” என்றார்.

அத்தானுக்கு உடனே புரியவில்லை. “யாருக்கு உபதேசியாரே?”

அவர் சந்தில் கிடந்த மரத்தைப் பார்த்தார். அதன்மேல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அத்தான் உள்ளே வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஊதுவிளக்கை ஏற்றினார். நான் கேட்காமலே சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டேன். தெருக்கதவு வழக்கம்போலத் தாழும் கட்டையும் துணியுமாகச் சாத்தியிருந்தது. சந்துக் கதவையும் சாத்தினோம். உபதேசியார் வெளியே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, “இருக்கட்டும்” என்றார்.

இருக்கிற மரம் பெரிய தேக்குத் துண்டு. மேல்பட்டையைச் சீவி, பலகை எடுக்க வேண்டும். எஞ்சின் புறப்பட்டது, மேல்பட்டையைச் சீவியது. அன்றைக்கு வெயில் வேறு. எஞ்சினைக் குளிர்விக்கிற தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவி அடித்தது. முதல் பலகையின் பாதியில் அடி விட்டுவிட்டு விழுந்து எஞ்சின் நின்றது.

எண்ணெயை வடிகட்டினோம். ஓடியது. நின்றது. மூக்கைக் குத்தினோம். முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. புகை கண்ணைக் கரித்தது. எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு தடவை எஞ்சின் அடங்கும்போதும் சந்தில் உபதேசியார் காலை மாற்றி நிற்கிற சத்தம் கேட்கும். அத்தான் வால்வைக் கழற்றினார். சாணைப்பொடியைக் குழைத்தார். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட ஆரம்பித்தார்.

உச்சி சாய்ந்துவிட்டது. கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. கோபமில்லாத குரல்.

“நான் வாரேன் ஐயா. நேரமாயிட்டு. இனி வைக்கக் கூடாதுன்னு சொல்லுதாவ. பாயில சுத்திக்கிடுதோம். சின்னப்பிள்ளதானே.”

செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்து மறைந்தது. அத்தான் வால்வை உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“வால்வுல என்ன அத்தான் இருக்கு?”

“வால்வுல ஒண்ணும் இல்ல மாப்பிளே.”

கையை நிறுத்தினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் மரத்தூளும் வியர்வையுமாக இருந்தது.

“எண்ணெயிலயும் இல்ல. பெல்ட்டுலயும் இல்ல. எதுலயுமே ஒண்ணும் கிடையாது. கதவுதான். அதுக்கும் மூச்சு வேணும்லா? தான் விட்ட புகையத் தானே குடிச்சுக்கிட்டு எத்தன நேரம் ஓடும்? பிட்டர் வந்த அன்னைக்கு மொத வார்த்தையே அதத்தான் சொன்னான். அவன் சொல்லுததுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா இத்தன வருசமும் கழட்டி மாட்டினீய?”

“தொறக்க முடியலயே. வேற என்ன செய்ய?”

வால்வைத் துடைத்து மாட்டினார். எழுந்து தெருக்கதவின் பக்கம் போனார். குறுக்குக்கட்டையில் கையை வைத்தபோது, வீட்டுக்குள்ளிருந்து வருகிற நடையில் அக்கா நிற்பதைப் பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எதுத்தாப்புல அண்ணாச்சி வாசல்ல இருக்காவ” என்றாள்.

அத்தானின் கை கட்டையிலேயே இருந்தது. “சிவகாமிக்கு...” என்று தொடங்கினார்.

அக்கா இறங்கி வந்தாள். என் கையிலிருந்த விளக்கை வாங்கி, திரியை இறக்கி, வெளிச்சம் முழுக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“தொறங்க.”

கட்டை விழுந்தது. மேல்தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. தெருவெளிச்சம் ஒரு சுவர் சரிந்தமாதிரி உள்ளே விழுந்தது. இத்தனை வருஷத்துப் புகை எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திறந்த மேலோடு, கையெல்லாம் கரியாக நின்ற அத்தானைப் பார்த்தார். பின்னால் எஞ்சினைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார். பைய எழுந்தார், நாற்காலியை உள்ளே இழுத்தார், கதவைச் சாத்தினார். மேலவீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீடு. அதற்கடுத்தது. எங்களைப் பார்க்காமல் இருந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர்கள் கதவைச் சாத்தினார்களோ, முகத்திலறைந்து சாத்தினார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூசிப்போய் நின்றேன்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. பொருந்திய ஜாதகம் பத்து நாளில் பொருந்தாமல் போயிற்று. சிவகாமி பின்னால் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு நன்றாகத்தான் இருந்தாள். வண்டிப்புரைக் கதவை அதன்பிறகு அத்தான் சாத்தியதே இல்லை. எஞ்சினும் பெரிதாக நின்றதில்லை.

அன்றைக்கு அது ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு அடி தவறவில்லை. தேக்கை வெண்ணெயில் கத்தி போவதுபோல அறுத்தது. அத்தான் ஒவ்வொரு பலகையையும் கையால் தடவிப் பார்த்து, சிலாம்பு இருந்த இடத்தைத் தேய்த்து எடுத்தார். உள்ளே படுக்கிறவளுக்குக் குத்தக் கூடாதே என்று பார்க்கிற மாதிரி இருந்தது. வண்டி கிடைக்கவில்லை. பலகைகளைக் கயிற்றால் கட்டி முன்முனையை அவர் தோளில் வைத்துக்கொண்டார். பின்முனையை நான் எடுத்தேன். சந்து வழியாகப் போவார் என்று நினைத்தேன். தெரு வழியாக இறங்கினார்.

எல்லாக் கதவும் சாத்திய தெருவில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன். முன்னால் அவர் முதுகு வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது துண்டை எடுத்துவிடலாமா என்றிருந்தது. எடுக்கவில்லை. கால்வாய்ப் பாலம் வரை அப்படியேதான் போனேன்.

குடியிருப்புக்குப் பின்னால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து பேர் மண்வெட்டியை வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேலியோரத்தில் சின்னதாக ஒரு மண்மேடு, இன்னும் ஈரமாக இருந்தது. உபதேசியார் அதன் பக்கத்தில் நின்று விரலில் ஒட்டிய மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் தோளில் பலகையோடு நின்றார். இறக்கவும் இல்லை. “இஞ்சினு...” என்றார்.

உபதேசியார் பலகையைப் பார்த்தார். வெயிலில் புதுத் தேக்கு மினுமினுத்தது.

“இருக்கட்டும் ஐயா” என்றார். “அங்கன வேலியோரமா வைங்க. நாளைக்கு வேணும்.”

வைத்துவிட்டுத் திரும்பினோம். இடுகாட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. கால்வாயில் இறங்கினோம். அத்தான் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு முழுகாமலேயே இருந்தார். வலது கையைத் தண்ணீருக்கு மேலே எடுத்து விரித்தார், மூடினார். மறுபடியும் விரித்தார்.

“அது இருந்திருந்தா கேட்டிருக்கும், மாப்பிளே” என்றார். “இன்னைக்கு எதுக்கு நின்னுச்சுன்னு.”

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். வெகுநேரம் மேலே வரவில்லை.